ஒரே டயரில் இரண்டு அளவு



பரிசளிப்பு விழா முடிந்து வீட்டுக்குப் புறப்படும்போது ஒரு சின்ன வேலை செய்யுங்கள். அப்பாவின் மோட்டார் சைக்கிள் பக்கத்தில் கொஞ்சம் குனிந்து, முன் சக்கரத்து டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். சேறு ஒட்டியிருந்தால் துடைத்துவிட்டுப் பாருங்கள். பல கப்சாய் வண்டிகளில் 70/90-17 என்றோ, அதைப் போன்ற வேறு எண்களோ அச்சாகியிருக்கும். டயர் கடையில் போய், "பதினேழு டயர் ஒண்ணு கொடுங்க" என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தப் பதினேழு இதுதான்.

இந்த மூன்று எண்களும் என்ன சொல்கின்றன? முதலில் நிற்கும் 70 என்பது டயரின் அகலம். அது மில்லிமீட்டர் கணக்கு. நடுவில் உள்ள 90, டயரின் உயரம் அதன் அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதைக் காட்டுகிறது. கடைசியில் உள்ள 17, நாம் 'ரிம்' என்று சொல்லும் வளையத்தின் விட்டம். அது மில்லிமீட்டர் அல்ல, அங்குலம்!

மாணவர்களே, பென்சிலை எடுங்கள். 70 மில்லிமீட்டரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு 63 மில்லிமீட்டர். டயர் மேலேயும் உண்டு, கீழேயும் உண்டு; ஆக 126. ரிம் 17 அங்குலம். ஓர் அங்குலத்துக்கு 25.4 மில்லிமீட்டர் வீதம் பெருக்கினால் 431.8. இரண்டையும் கூட்டினால் 557.8 மில்லிமீட்டர். சக்கரத்தின் மொத்த உயரம் அதுதான். இரண்டு அளவு முறைகளும் தெரிந்தவனுக்குத்தான் இந்தக் கணக்கு வரும். ஒன்று மட்டும் தெரிந்தவன் பாதி வழியில் நின்றுவிடுவான்.

காற்றடிக்கும் இடத்துக்குப் போனாலோ இன்னொரு வேடிக்கை. பம்பில் 200, 220 என்று கிலோபாஸ்கல் ஓடுகிறது. பக்கத்தில் நிற்கும் பெரியவர், "முப்பது வைப்பா, போதும்" என்கிறார். அவர் சொல்வது ஒரு சதுர அங்குலத்துக்கு 30 இராத்தல் அழுத்தம். கிலோபாஸ்கலில் அது ஏறக்குறைய 207. பம்பும் சரி, பெரியவரும் சரி. ஆனால் இருவரும் பேசுவது வெவ்வேறு பாஷை!

உலகமே மீட்டருக்கும் கிலோவுக்கும் மாறிவிட்டது என்று பாடப் புத்தகத்தில் படிக்கிறோம். அப்படியிருக்க, புத்தம் புதுத் தொழிற்சாலையிலிருந்து வரும் டயரில் அங்குலத்துக்கு என்ன வேலை? இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறது.

நம் தோட்டத்து அளவுகள்

இந்தக் கலப்பு நமக்குப் புதிதா என்றால், இல்லவே இல்லை. நம் தாத்தா பாட்டி காலத்தை நினைத்துப் பாருங்கள். இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு நின்று, உளியும் வாளியுமாக நிரைக்குப் போய், மங்கில் வடிந்த பாலைச் சேர்த்துக்கொண்டு ஸ்டோருக்கு வந்தால் அங்கே பால் கேலன் கணக்கு. காய்ந்த ரப்பரும் ஒட்டுப்பாலும் இராத்தல் கணக்கு. நிலம் ஏக்கர் கணக்கு. பாதை மைல் கணக்கு. சம்பளத்தை வாங்கிக்கொண்டு பட்டணத்துச் சீனர் கடைக்குப் போனால் மீனும் காய்கறியும் கட்டிக் கணக்கு. அரிசி கந்தாங் கணக்கு. மொத்த வியாபாரத்துக்குப் பிக்குல் கணக்கு. மகளுக்கு நகை செய்யப் போனால் பவுன் கணக்கு!

பதினாறு தாயில் ஒரு கட்டி. நூறு கட்டி ஒரு பிக்குல். மூன்று கட்டி சரியாக நாலு இராத்தல். ஒரு கந்தாங் ஒரு கேலன். பள்ளிக்கூடத்து வாசலைக்கூட மிதிக்காத எத்தனையோ பேர் இதையெல்லாம் மனசுக்குள்ளேயே போட்டுப் பார்த்துக் காசு எண்ணிக் கொடுத்தார்கள். அவர்களைக் கணக்குத் தெரியாதவர்கள் என்று சொல்ல நமக்கு வாய் வருமா?

பிறகு காலம் மாறியது. மலேசியாவில் 1972-ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டம் மெட்ரிக் முறைக்கு வழி திறந்தது. சிங்கப்பூரும் 1970-களின் தொடக்கத்திலேயே அந்த வேலையில் இறங்கிவிட்டது. ஒரே நாளில் மாற முடியாது என்பதால் படிப்படியாக மாற்றினார்கள். இராத்தல் போய்க் கிலோ வந்தது. கேலன் போய் லிட்டர் வந்தது. மைல் போய்க் கிலோமீட்டர் வந்தது.

பெற்றோர்களே, இந்த இடத்தில் ஒரு கணக்கைக் கவனியுங்கள். இது ஓர் உதாரணம்தான். ஒட்டுப்பாலுக்கு இராத்தலுக்கு 5 காசு கிடைத்து வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒருநாள், "இனிமே கிலோ கணக்கு. கிலோவுக்குப் பத்துக் காசு" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அஞ்சு பத்தாகிவிட்டதே என்று மனம் குளிரும். ஆனால் ஒரு கிலோ என்பது 2.2 இராத்தலுக்குச் சற்று மேல். பழைய விலைப்படி கிலோவுக்கு 11 காசு வரவேண்டும். 40 இராத்தல் கொண்டுவந்தவருக்கு முன்பு 2 வெள்ளி. இப்போது அதே 40 இராத்தல் 18.14 கிலோ; கூலி 1 வெள்ளி 81 காசு. கையில் வாங்கும்போது எண் பெரியதாகத் தெரியும். பையில் போட்டால் 19 காசு குறையும்.

அளவு மாறும்போது யாருக்குக் கணக்குத் தெரியவில்லையோ, நட்டம் அவர் தலையில்தான் விழும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் பெரியவர்கள். அதோடு, எந்தக் கோலால் அளக்கிறோம் என்பதையும் தெரிந்து போட வேண்டும்.

சட்டம் மாறிய பிறகும் பழைய அளவுகள் முழுக்கப் போய்விட்டனவா? சாலையோரத்தில் கிலோமீட்டர் பலகை நிற்கிறது. ஆனால் எட்டாங்கட்டை, பத்தாங்கட்டை என்று ஊருக்கு விழுந்த பெயர் அப்படியே இருக்கிறது. செம்பனைக் குலையை டன் கணக்கில் நிறுக்கிறோம். தோட்டம் எவ்வளவு பெரிசு என்று கேட்டால் ஏக்கரில்தான் பதில் வருகிறது. வீடு வாங்கப் போனால் சதுர அடி. தொலைக்காட்சி வாங்கப் போனால் அங்குலம். இது நம் வாய்ப்பழக்கம் மட்டும்தானா? பெரிய பெரிய தொழில்களிலும் இதே கதைதான். நாம் சீவிய பால் போன வழியிலேயே போய்ப் பார்ப்போம்.

பால் போன வழி

1877-இல் 22 ரப்பர் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அவற்றின் வழி வந்த மரங்களைப் பெருக்கி, மரம் சாகாமல் பால் எடுக்கும் முறையையும் பரப்பியவர், சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராக இருந்த ரிட்லி. இதற்கிடையே 1888-இல் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகக் காற்றடைத்த டயர் செய்தார். பிறகு மோட்டார் கார் வந்தது. கார் ஓட டயர் வேண்டும். டயருக்குப் பால் வேண்டும். பால் எடுக்க ஆள் வேண்டும். நம் முன்னோர் கப்பலேறி வந்த கதையில் இந்த டயருக்கும் ஒரு பங்கு உண்டு.

ஆரம்ப காலத்தில் கார்த் தொழிலில் பிரெஞ்சுக்காரர்கள் முன்னணியில் நின்றார்கள். மீட்டர் முறை பிறந்த நாடே அவர்களுடையதுதான். எனவே டயர் அளவுகளும் மில்லிமீட்டரில் இருந்தன. அங்குலத்திலேயே பிறந்து வளர்ந்த ஆங்கிலேயர்கள் செய்த ரோல்ஸ் ராய்ஸ் 'சில்வர் கோஸ்ட்' காருக்குக்கூட 895 x 135 மில்லிமீட்டர் டயர் உண்டு. அதே காலத்தில் அமெரிக்காவில் ஃபோர்டு நிறுவனம் 'மாடல் டி' காரை இலட்சக்கணக்கில் செய்து தள்ளியது. அதன் பின் டயர் 30 x 3½ அங்குலம். எண்ணிக்கை எந்தப் பக்கமோ, அளவும் அந்தப் பக்கம் சாய்ந்தது. ரிம் தொழில் பெரும்பாலும் அங்குலத்துக்குப் போய்விட்டது.

நிற்க. 1946-இல் பிரான்சின் மிஷலின் நிறுவனம் ரேடியல் டயருக்குக் காப்புரிமை பெற்றது. உள்ளே இழைகள் ஓடும் விதத்தை மாற்றி, உறுதியாக உழைக்கும் டயரைச் செய்தார்கள். அவர்கள் 165-400 என்று ஓர் அளவு வைத்தார்கள். அகலமும் மில்லிமீட்டர், ரிம்மும் மில்லிமீட்டர். 400 மில்லிமீட்டர் ரிம் என்பது 16 அங்குல ரிம்மைவிட 6.4 மில்லிமீட்டர்தான் சிறியது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே தெரியும். ஆனால் ஒன்றுக்குரிய டயர் மற்றதற்குப் பொருந்தாது.

ரேடியல் டயர் உலகமெங்கும் பரவியபோது ஒரு சமரசம் உண்டாயிற்று. டயரின் அகலம் மில்லிமீட்டரிலேயே நின்றது. ஆனால் உலகத்திலுள்ள கோடிக்கணக்கான ரிம்கள் அங்குலத்தில் இருந்ததால், விட்டம் அங்குலத்தில் நின்றது. 155 SR 13 போன்ற கலப்பு அளவுகள் இப்படித்தான் பிறந்தன. நம் ஊர்ப் பழைய கப்சாய் வண்டிகளில் 2.25-17 என்று இருக்கும்; அதில் இரண்டு எண்ணும் அங்குலம். இன்றைய 70/90-17இல் அகலம் மில்லிமீட்டருக்குப் போய்விட்டது. பதினேழு மட்டும் அசையவில்லை.

ஒரு பெரிய நிறுவனம் தோற்ற கதை

இந்தக் கலப்பை ஒழித்துவிட வேண்டும் என்று யாருமே முயலவில்லையா? முயன்றார்கள். அதே மிஷலின் நிறுவனம் 1975-இல் 'டிஆர்எக்ஸ்' என்ற டயரைக் கொண்டுவந்தது. ரிம்மும் டயரும் சேர்ந்தே புதிதாக வடிவமைக்கப்பட்டவை. ரிம்மின் விட்டம் 390 மில்லிமீட்டர் போன்ற அளவுகளில் இருந்தது. 15 அங்குலம் 381 மில்லிமீட்டர். 16 அங்குலம் 406.4 மில்லிமீட்டர். 390 இரண்டுக்கும் நடுவே விழுகிறது. யாரும் தவறிப்போய்ப் பழைய ரிம்மில் புதிய டயரை மாட்டிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்தார்கள். டயரும் நல்ல டயர். பெயர் பெற்ற கார் நிறுவனங்கள் சில அதைத் தங்கள் கார்களில் போட்டன.

ஆனால் கார் வாங்கியவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். டயர் தேய்ந்துவிட்டது. பக்கத்துக் கடையில் கேட்டால், "இந்த அளவு இல்லீங்க" என்கிறார்கள். தேடி அலைய வேண்டும், விலையும் கூட. இல்லாவிட்டால் நாலு ரிம்மையும் மாற்ற வேண்டும். கடைசியில் டிஆர்எக்ஸ் மெல்ல மறைந்துபோயிற்று. அங்குல ரிம் ஜெயித்தது.

இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. ஓர் அளவு உயிரோடு இருப்பது அது உசத்தியானது என்பதால் அல்ல. ஏற்கெனவே செய்து வைத்த பொருள்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்பதால்தான். டயர் ரிம்மோடு பொருந்த வேண்டும். ரிம் வண்டியோடு பொருந்த வேண்டும். கடைக்காரரின் கருவி எல்லாவற்றோடும் பொருந்த வேண்டும். ஒன்றை மாற்றினால் ஒன்பதை மாற்ற வேண்டி வரும்.

வீட்டில் உள்ள 'அரை இஞ்சு' பைப்பையே பாருங்கள். அதன் திருகு முனையை அளந்தால் வெளி விட்டம் ஏறக்குறைய 21 மில்லிமீட்டர் இருக்கும். அரை அங்குலமோ 12.7 மில்லிமீட்டர்தான்! அந்தக் காலத்துத் தடித்த இரும்புக் குழாயின் உள்துவாரத்தை வைத்து வந்த பெயர் அது. பெயரையும் திருகையும் மாற்றாததால்தான் இன்று வாங்கும் குழாய்த் தலை பழைய வீட்டுப் பைப்பிலும் பொருந்துகிறது.

கிள்ளான் துறைமுகத்துக்குப் போகும் லாரிகளைக் கவனித்திருப்பீர்கள். அவை ஏற்றிச் செல்லும் கொள்கலன்கள் 20 அடி, 40 அடி. 1956-இல் அமெரிக்காவில் மெக்லீன் என்பவர் பழைய எண்ணெய்க் கப்பலொன்றில் 58 பெட்டிகளை ஏற்றி அனுப்பியதிலிருந்து இந்தத் தொழில் வளர்ந்தது. சிங்கப்பூரில் 1972-இல் முதல் கொள்கலன் கப்பல் வந்து நின்றது. சிங்கப்பூர் மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த அதே காலத்தில், அடிக் கணக்குப் பெட்டிகள் வந்து இறங்கின! இன்றும் துறைமுகங்கள் தங்கள் வேலையை 20 அடிப் பெட்டிக் கணக்கில்தான் எண்ணுகின்றன. ஆனால் உள்ளே ஏற்றும் சரக்கு கிலோவிலும் டன்னிலும். பெட்டிக் கதவில் எடை கிலோவிலும் இராத்தலிலும் எழுதியிருக்கும். கப்பலின் தளம், லாரியின் படுக்கை, பளுதூக்கியின் கைகள் எல்லாம் அந்த அடிக் கணக்குக்கே செய்யப்பட்டவை. எதை என்று மாற்றுவது?

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்க அங்குலமும் பிரிட்டிஷ் அங்குலமும் முன்பு மயிரிழை அளவு வேறுபட்டிருந்தன. 1959-இல் ஆங்கிலம் பேசும் ஆறு நாடுகள் கூடி, ஓர் அங்குலம் என்பது சரியாக 25.4 மில்லிமீட்டர் என்று முடிவு செய்தன. அன்றிலிருந்து அங்குலம் தனிக் குடித்தனம் நடத்தவில்லை. அது மில்லிமீட்டர் வீட்டில்தான் குடியிருக்கிறது!

எண் சரி, அலகு தப்பு

சரி, கலந்து இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டுமே, அதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். என்ன கெடும் என்பதற்கு இதோ ஒரு சம்பவம்.

1983-ஆம் ஆண்டு ஜூலை 23. கனடா நாட்டின் போயிங் 767 விமானம் ஒன்று மான்ட்ரியாலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டனுக்குப் புறப்பட்டது. கனடாவும் அப்போது மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. இந்த ரக விமானத்தில் எரிபொருள் கிலோ கணக்கு; அதுவரை பழகிய விமானங்களிலோ இராத்தல் கணக்கு. அன்றைக்கு விமானத்தின் எரிபொருள் காட்டி வேலை செய்யவில்லை. எனவே தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று கோல் கொண்டு அளந்து, கையால் கணக்குப் போட்டார்கள்.

பயணத்துக்கு வேண்டியது 22,300 கிலோ. தொட்டியில் இருந்தது 7,682 லிட்டர். ஒரு லிட்டர் எரிபொருள் ஏறக்குறைய 0.8 கிலோ. ஆனால் அவர்கள் கையில் கிடைத்த எண் 1.77. அது ஒரு லிட்டருக்கு எத்தனை இராத்தல் என்ற எண்! அதைக் கிலோ என்று எண்ணிக் கணக்குப் போட்டார்கள். 20,000 லிட்டருக்கு மேல் ஊற்ற வேண்டிய இடத்தில் 4,917 லிட்டர் மட்டுமே ஊற்றினார்கள். பெருக்கலில் தப்பில்லை, கழித்தலில் தப்பில்லை, வகுத்தலில் தப்பில்லை. ஒட்டாவாவில் மறுபடியும் அளந்தார்கள்; மறுபடியும் அதே 1.77. மறுபடியும் 'சரி' என்றே வந்தது.

41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது எரிபொருள் தீர்ந்தது. முதலில் ஒரு இயந்திரம் நின்றது; சற்று நேரத்தில் மற்றதும் நின்றது. உள்ளே 69 உயிர்கள்! விமானி ராபர்ட் பியர்சனுக்கு இயந்திரமில்லாத மிதவை விமானம் ஓட்டிய அனுபவம் இருந்தது. துணை விமானி மொரிஸ் கின்டால், தாம் முன்பு பணியாற்றிய கிம்லி என்ற பழைய விமானப்படைத் தளத்தை நினைவில் கொண்டுவந்தார். அந்த ஓடுபாதை அப்போது கார்ப் பந்தயத் திடலாக மாறியிருந்தது. அன்றைக்குக் குடும்பம் குடும்பமாக ஆட்கள் வேறு கூடியிருந்தார்கள். இயந்திரச் சத்தமே இல்லாமல் அந்தப் பெரிய விமானம் மிதந்து வந்து இறங்கியது. சிலருக்குச் சிறு காயம் ஏற்பட்டதைத் தவிர, ஒருவர் உயிரும் போகவில்லை. விமானத்தைப் பழுதுபார்த்து 2008 வரை ஓட்டினார்கள்.

மனிதர்கள் பிழைத்தார்கள். ஆனால் 1999-இல் ஒரு விண்கலம் பிழைக்கவில்லை. அமெரிக்காவின் நாசா, செவ்வாய்க் கோளைச் சுற்றிவந்து அதன் தட்பவெப்பத்தை ஆராய 1998 டிசம்பரில் ஒரு கலத்தை அனுப்பியது. கலத்தின் சின்னஞ்சிறு உந்திகள் எவ்வளவு தள்ளின என்ற கணக்கை ஒரு குழு இராத்தல் விசையில் கொடுத்தது. வாங்கிய குழுவோ அதை நியூட்டன் அளவு என்று எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் ஏறக்குறைய நாலரை மடங்கு வித்தியாசம். ஒன்பது மாதப் பயணத்தில் அந்தத் தப்பு சிறுகச் சிறுகச் சேர்ந்தது. செவ்வாயிலிருந்து 226 கிலோமீட்டர் உயரத்தில் போக வேண்டிய கலம் 57 கிலோமீட்டருக்குத் தாழ்ந்துபோய், 1999 செப்டம்பர் 23-ஆம் நாள் தொலைந்தது. கலம் செய்ய மட்டும் 125 மில்லியன் அமெரிக்க டாலர் செலவு! உலகத்து மேதைகள் கூடிய இடத்தில் நடந்தது இது.

இரண்டு சம்பவங்களிலும் பழைய அளவு மட்டும் குற்றவாளி அல்ல. இராத்தலும் தன்னளவில் நல்ல அளவுதான். கிலோவும் நல்ல அளவுதான். எண் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறியபோது, அதன் அலகு கூட வரவில்லை. வந்த எண்ணை, "நீ எந்த வீட்டுப் பிள்ளை?" என்று யாரும் கேட்கவில்லை.

நம் டயரைப் பாருங்கள். அதில் இரண்டு அளவு இருந்தும் விபத்து இல்லை. ஏன்? எந்த எண் எந்த இடத்தில் நிற்க வேண்டும், எது மில்லிமீட்டர், எது அங்குலம் என்று உலகத்து டயர்க்காரர்கள் எல்லாரும் பேசி வைத்திருக்கிறார்கள். கலப்பு இருக்கலாம், குழப்பம் இருக்கக் கூடாது.

நாம் செய்ய வேண்டியது

மாணவச் செல்வங்களே, கணக்குத் தேர்வில் விடை சரியாக இருந்தும், "அலகு எங்கே?" என்று ஆசிரியர் சிவப்பு மையால் எழுதி அரை மதிப்பெண் குறைத்துவிடுவார். "பதில்தான் சரியா இருக்கே, இதுக்குப் போய் மார்க் குறைக்கிறாங்களே" என்று வீட்டில் போய் அழுதிருப்பீர்கள். இனி அழ வேண்டாம். 22,300 என்ற எண் கிலோவா இராத்தலா என்பதில்தான் 69 பேரின் உயிர் ஊசலாடியது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணை எழுதினால் பக்கத்திலேயே அலகையும் எழுதிப் பழகுங்கள். நாளைக்கு நீங்கள் பொறியியலாளராகலாம், தாதியாகலாம், விமானம்கூட ஓட்டலாம். மருந்து கொடுக்கும்போதும் எரிபொருள் ஊற்றும்போதும் இந்தப் பழக்கம் உங்களுக்குத் துணை நிற்கும்.

பெற்றோர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். சம்பளச் சீட்டு கைக்கு வந்தால் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். கிலோவுக்கா, டன்னுக்கா, குலைக்கா, நாளுக்கா என்று பிள்ளையை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. உங்களுக்கும் வரவு தெரியும். பிள்ளைக்கும் படிப்பு பயன்படும்.

வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கட்டி, தாயில், பிக்குல், கந்தாங் கணக்கைக் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். மூன்று கட்டிக்கு எத்தனை இராத்தல் என்று கேட்டுப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்வார்கள். இரண்டு மூன்று அளவுகளுக்கு நடுவே தப்பாமல் நடந்து காட்டியவர்கள் அவர்கள். அந்தச் சாமர்த்தியத்தை இன்றைய பெரிய தொழிற்சாலைகளும் விமான நிலையங்களும் இன்னும் கற்றுக்கொண்டிருக்கின்றன.

இன்று பரிசு பெறும் மாணவர்களுக்கு வாழ்த்துகள். அடுத்த ஆண்டு பெறப்போகிறவர்களுக்கும் இப்போதே வாழ்த்துகள். வீட்டுக்குப் போகும்போது அந்த டயரை மறக்காமல் பாருங்கள்!

வளர்க நம் பள்ளி! வாழ்க தமிழ்!